லண்டன்–டோக்கியோ: எந்தத் தூரம் சரி?

கேள்வி: லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு விமான தூரம் தேடினேன். ஓரிடத்தில் 9,600 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 5,960 மைல், வேறோரிடத்தில் 5,180 மைல். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பதினொரு மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டில் சுமார் 14 மணி நேரம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: மூன்றும் ஒரே தூரம்தான், அளவுகோல்தான் வேறு. 5,960 என்பது சாலையில் நாம் சொல்லும் மைல். 5,180 என்பது கடல் மைல். விமானிகளின் கணக்கு இதில்தான் நடக்கும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. வெறுமனே 'மைல்' என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குழப்பத்தாலேயே பலர் எண்ணூறு மைல் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, அந்த 9,600 எப்படி வந்தது? வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை லண்டனிலும் மறுமுனையை டோக்கியோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் கஜகஸ்தான் வழியாகப் போகும். உருண்டையிலோ நூல் தானாகவே ஸ்காண்டிநேவியாவைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறி, சைபீரியா வழியாக இறங்கும். அதுதான் உண்மையான குறுக்குவழி. பெருவட்டத் தூரம் என்பார்கள். 30 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையில் ஒரு செ.மீ. ஏறக்குறைய 425 கி.மீ. நூலை அளந்தால் இருபத்திரண்டரை செ.மீ.யை ஒட்டி வரும். பெருக்கிப் பாருங்கள், விடை கையிலேயே இருக்கிறது. எந்த இரண்டு ஊருக்கும் இந்த முறை பொருந்தும்.

ஆனால் விமானம் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது. இந்தத் தடத்தில் சில விமானங்கள் மத்திய ஆசியா வழியாகவும், சில அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கமாகவும் சுற்றிப் போகின்றன. உங்கள் டிக்கெட்டில் கூடுதலாகத் தெரியும் நேரம் பெரும்பாலும் இந்தச் சுற்றுதான். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதற்கு மேல். அப்புறம் காற்று. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் கிழக்கே போகிறவரைத் தள்ளிவிடும், மேற்கே வருகிறவரை எதிர்க்கும். டோக்கியோ–லாஸ் ஏஞ்சலிஸ் தடத்தில் போகும்போது சுமார் 10 மணி நேரம், திரும்பும்போது 12-ஐ நெருங்கும்.

அதனால் இணைப்பு விமானம், மருந்து வேளை, தூக்கம் இவற்றுக்கெல்லாம் கிலோமீட்டரை மறந்துவிட்டு, டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் போகவும் வரவும் தனித்தனியாகப் பாருங்கள். தூரம் தேவைப்படும் இடம் வேறு. விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ பயணிக்குப் பணம் தரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு இழப்பீட்டு விதி, விமானம் எவ்வளவு சுற்றிப் பறந்தாலும் பெருவட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. அங்கே உங்கள் நூல் சொன்ன எண்ணையே எழுதலாம்.