ஹார்மோன் ஊசியா? எந்த ஹார்மோன் என்று கேளுங்கள்

கேள்வி: வயது 34. திருப்பூரில் சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு 31 வயது. அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல். எனக்கு விந்தணு ஒரு மில்லிக்கு 90 லட்சம், அசைவு 25 சதவீதம். வெரிகோசீல் (விரைப்பையில் ரத்தக்குழாய் புடைப்பு) இல்லை, ரத்தத்தில் ஹார்மோன் அளவும் சரி. “காரணம் தெரியவில்லை, மூன்று மாதம் ஹார்மோன் ஊசி போட்டுப் பார்க்கலாம்” என்கிறார் டாக்டர். ஜிம்முக்குப் போகும் நண்பனோ, “டெஸ்டோஸ்டிரோன்தானே, நானே குறைந்த விலைக்கு வாங்கித் தருகிறேன்” என்கிறான். போடலாமா? அம்மா இன்னும் என் மனைவியைத்தான் குறை சொல்கிறார்.
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நண்பர் தரும் ஊசியைத் தொடாதீர்கள். டாக்டர் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றல்ல. ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

விந்தணு உருவாக, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்கள் விரைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால், ‘உடம்பில்தான் நிறைய இருக்கிறதே’ என்று பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடும். விரைக்கு வேலை நின்றுபோகும். இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு பூஜ்யமானது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கும் அதே கதி. உடம்பு ஏறட்டும் என்று போட்டிருக்கிறான். நிறுத்திய பிறகு எண்ணிக்கை திரும்ப பத்து மாதம் ஆனது. அந்தப் பத்து மாதமும் அவன் மனைவி என் எதிரில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை.

உங்கள் டாக்டர் சொன்னது பெரும்பாலும் எஃப்.எஸ்.எச். ஊசியாக இருக்கும். இது விரையை வேலை செய்யத் தூண்டுவது. பிட்யூட்டரியே சரியாகச் சுரக்காத ஆண்களுக்கு இந்த வகை ஊசிகள் நன்றாகவே பலன் தரும். உங்களைப் போல அளவு சரியாக இருந்தும் எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு அவ்வளவு உறுதி தர முடியாது. 2013-இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் கிடைத்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட தம்பதிகளில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்குத் தானாகக் கரு தங்கியது. போடாதவர்களில் 7 பேருக்கு. எல்லாம் சிறிய சோதனைகள். ஆகவே முயன்று பார்க்கலாம், இதை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். விலை அதிகமான ஊசி இது. குளோமிஃபீன் மாத்திரையும் சிலர் தருவார்கள். அது பிட்யூட்டரியைத் தூண்டி எஃப்.எஸ்.எச்.சைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். விலை குறைவு, பலனுக்கான ஆதாரமும் குறைவு.

மூன்று மாதக் கணக்கு ஏன் என்றால், ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் டெஸ்ட் எடுத்து மனம் உடைய வேண்டாம். ஊசி தொடங்கும் முன் இன்னொரு முறை டெஸ்ட் எடுங்கள், அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு. ஒரே ரிப்போர்ட்டை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. நடுவில் வந்த ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். முடிந்தால் பாய்லர் பக்கமிருந்து வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சூடு விரைக்கு ஆகாது. புகை, குட்கா இருந்தால் இன்றே விடுங்கள்.

ஊசிக்குப் பின்னும் மாற்றம் இல்லையென்றால் அதையே நீட்டிக்கொண்டு போகாதீர்கள். ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), இக்சி (லேபில் ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்துவது) பற்றிப் பேசுங்கள். உங்கள் மனைவிக்கு 31 என்பதால் இப்போது அவகாசம் இருக்கிறது. 36-இல் அது குறைந்திருக்கும்.

அம்மாவிடம் ரிப்போர்ட்டை நீங்களே காட்டுங்கள். மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள். ஐந்து வருடமாக அவர் வாய் திறக்காமல் தாங்கியிருக்கிறார்.