இந்த வரிசைக்குப் பேர் என்ன? (கேள்வி பதில்)

சீனத் தற்காப்புக் கலைகளில் ஒருவர் தனியாகச் செய்துகாட்டும் வரிசைக்குத் தாவ்லூ என்று பெயர். கராத்தேக்காரர்கள் சொல்லும் கட்டா மாதிரி. வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பழைய வீடியோவில் ஒருவர் முழங்காலை உள்பக்கம் இடுக்கி, நின்ற இடத்திலேயே கையை மட்டும் அசைக்கிறார். இது என்ன?

தெற்குச் சீனத் தற்காப்புக் கலையான விங் சுன்னின் முதல் வரிசை, சியு நிம் தாவ். கடைசிவரை ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டார்கள், அதுதான் அடையாளம். உடல் திரும்பி, உதையும் வந்தால் அது இரண்டாவது வரிசை, சும் கியு.

கேள்வி: மாஸ்டர் சொல்வது "ஹுங் குன்". தேடினால் "ஹோங் சுவான்" என்று வேறு எதையோ காட்டுகிறதே?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஹுங் குன் ஒரு தற்காப்புப் பாணியின் பேர்; தெற்குச் சீனாவின் குவாங்டாங் பக்கத்து உச்சரிப்பு. அதே எழுத்துகளை மாண்டரினில் வாசித்தால் ஹோங் சுவான். ஆனால் ஹெனானில் உள்ள ஷாவ்லின் கோயிலிலும் சிறிய ஹோங் சுவான், பெரிய ஹோங் சுவான் என்று வரிசைகள் உண்டு. எழுத்து அதேதான், ஆட்டம் வேறு. ஷான்ஷி மாகாணத்து ஹோங் சுவானில் எழுத்தே வேறு, அங்கே ஹோங் என்றால் சிவப்பு. ஆகவே மாஸ்டரிடம் பேரைச் சீன எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். காதை நம்பாதீர்கள்.

தெற்கத்தி ஹுங் என்றால் காலைப் பாருங்கள். கூங் ஜி ஃபுக் ஃபு வரிசையில் நடை 'கூங்' என்ற சீன எழுத்தின் வடிவில் போகும்: மேலும் கீழும் இரண்டு கோடு, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. புலி நகமும் கொக்கு அலகும் மாறி மாறி வந்தால் புலி–கொக்கு வரிசை. முன்கையை முறுக்கி இறுக்கி, சத்தம் கொடுத்து மூச்சு விட்டால் இரும்புக் கம்பி வரிசை. மூன்றையும் லாம் சாய் விங் புத்தகமாகவே போட்டார். சினிமாவில் நாம் பார்த்த வோங் ஃபெய் ஹுங்கின் சீடர்தான் அவர். ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: யாங் பாணி தாய்ச்சியில் 85, 103, 108 அசைவு என்கிறார்கள். மூன்று வரிசைகளா?

இல்லை, ஒரே நீண்ட வரிசைதான். திரும்பத் திரும்ப வரும் அசைவுகளைத் தனித்தனியாக எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா என்பதில்தான் வித்தியாசம். 24 அசைவு வரிசை மட்டும் வேறு: 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்தது. தொடக்கத்தைப் பார்த்தாலே பிடிபடும். நீண்ட வரிசை 'சிட்டுக்குருவி வாலைப் பிடிப்பது' என்ற அசைவில் ஆரம்பிக்கும், 24 'காட்டுக்குதிரைப் பிடரியைப் பிரிப்பது' என்ற அசைவில். ஆரம்பத்திலேயே காலைத் தரையில் ஓங்கி மிதித்தால் அது யாங்கே இல்லை, தாய்ச்சியின் இன்னொரு கிளையான சென் பாணி.

கேள்வி: டான் துய்யில் 10 பாதையா, 12 பாதையா?

டான் துய் என்பது உதைகள் நிறைந்த வடக்குச் சீனப் பயிற்சி; அதில் ஒவ்வொரு சிறு தொடரும் ஒரு பாதை. இரண்டும் உண்டு. 10 சீனாவின் ஹுய் இன முஸ்லிம்களின் வழி, 12 ஜிங்வூ என்ற தற்காப்புக் கலைச் சங்கம் பரப்பியது.

கேள்வி: போதிதர்மர் உருவாக்கிய வரிசை எது?

வருத்தம்தான், ஆனால் அப்படி ஒன்றைக் காட்ட முடியாது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் யீ ஜின் ஜிங் நூலே 17ஆம் நூற்றாண்டுக் கதை. ஷாவ்லின் துறவிகளே அந்தக் காலத்தில் தங்கள் கம்பு வித்தைக்கு மூலவராகச் சொன்னது ஜின்னாலுவோவை. யார் என்கிறீர்களா? நம் கின்னரர்தான், சீன நாக்கில்.

கேள்வி: 40 விநாடி வீடியோ அனுப்பினேன். பேர் சொல்லவில்லையே?

இடுப்புக்கு மேல் மட்டும்தான் தெரிகிறது. இப்படி ஒன்றைப் பார்த்து முன்பு பேர் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொடக்க வணக்கமும் காலும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.