பெரியவர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பது ஒரு தொழிலாகுமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. ஆறு வயதிலிருந்து விடாமல் பியானோ வாசித்த மகள் மேடைக்குப் போகாமல் வகுப்பு எடுக்கப் போகிறாளே என்பது ஒன்று. அதிலும் குழந்தைகளை விட்டுவிட்டு, வேலை, வீடு என்று ஓடும் பெரியவர்களைத் தேடுகிறாளே, அவர்கள் நிலைப்பார்களா என்பது இன்னொன்று.

முதலாவதை விட்டுவிடுங்கள். கச்சேரி வருமானத்தில் மட்டுமே வாழும் பியானோ கலைஞர்கள் எங்கும் மிகச் சிலர்தான். இரண்டாவது கவலை நியாயமானது. ஆனால் ஆர்வமுள்ள பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் வான் கிளைபர்ன் என்ற பியானோ கலைஞரின் பெயரில் 1999-இல் அமெச்சூர் பியானோ கலைஞர்களுக்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி தொடங்கினார்கள். 35 வயதைத் தொட்டவர்கள், பியானோவைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வந்து வாசிக்கிறார்கள். அந்த அளவுக்குப் போகாமல், பிடித்த ஒரு பாட்டை வாசித்தால் போதும் என்று வருபவர்கள் அவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

எனக்குள்ள தயக்கம் வேறு. சின்ன வயதிலேயே கற்றவருக்குத் தன் கை என்ன செய்கிறது என்பதே தெரியாது. சி மேஜர் ஸ்கேலில், அதாவது வெள்ளைக் கட்டைகள் மட்டும் வரும் ஸ்வர வரிசையில், ஏறும்போது வலது கையில் மூன்றாம் விரலுக்கு அடியில் கட்டைவிரல் நுழைகிறது. இடது கையிலோ கட்டைவிரலைத் தாண்டி மூன்றாம் விரல் மேலே வருகிறது. உங்கள் மகள் இதை யோசித்தே பல வருடம் ஆகியிருக்கும். குழந்தைக்கு வாசித்துக் காட்டினால் பெரும்பாலும் பார்த்துச் செய்துவிடும். ஐம்பது வயதுக்காரர் விடமாட்டார். எப்போது நுழைக்க வேண்டும், மணிக்கட்டு திரும்பலாமா, முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பார். இதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் சில மாதங்கள் ஓர் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கச் சொல்லுங்கள். வாசித்துப் பழகாத ஒரு வாத்தியத்தை உங்கள் மகளே புதிதாகக் கற்கத் தொடங்கினால் இன்னும் நல்லது.

பெரியவர்களின் பெரிய சிக்கல், காது விரலைவிடப் பல வருடம் முன்னால் இருப்பது. நல்ல இசையைக் கேட்டே வளர்ந்தவருக்குத் தன் கையிலிருந்து வரும் சத்தம் அவமானமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில் தோள் உயரும், மணிக்கட்டு இறுகும். அதை உடனே கண்டுபிடித்து நிறுத்தத் தெரியாவிட்டால் வலியில்தான் போய் முடியும். வலியோ மரத்துப்போதலோ நீடித்தால் வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆசிரியர் வைத்தியம் பார்க்கக் கூடாது.

பாடப் புத்தகமும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. பொம்மைப் படம் போட்ட சிறுவர் புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு வங்கி மேலாளர் எத்தனை வாரம் வருவார்? ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸ் மாதிரியான தொகுப்புகள் உதவும். அதில் 153 சிறு இசைத் துண்டுகள், ஆறு பாகங்கள். முதல் பாகங்கள் தொடக்கநிலையில் இருக்கும் சிறுவருக்கும் பெரியவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. கூடவே மாணவர் கேட்கும் பாட்டை அவர் கைக்கு ஏற்ப எளிமையாக்கித் தரவும் தெரிய வேண்டும்: இடது கைக்கு ஒற்றை ஸ்வரம், அப்புறம் மெதுவாக, பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தும் கார்டுகள் (chords).

புது ஆசிரியர்கள் தடுமாறுவது இன்னொரு இடத்தில். மாணவர் ஒரு வாரம் முழுக்கப் பியானோவைத் தொடாமலே வந்து நிற்பார். திட்டினால் அடுத்த வாரம் வரமாட்டார். சரி, இன்று இங்கேயே பயிற்சி செய்வோம் என்று பாட்டின் நான்கு பார்களை (சிறு தாளப் பகுதிகளை) எடுத்து, தனித்தனிக் கையாக, ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வைப்பவரிடம்தான் பெரியவர்கள் நிலைக்கிறார்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி போன்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியங்களில் கடைசி நிலையான எட்டாம் கிரேடுக்கு மேல் வாசிப்புக்கு ஒரு டிப்ளமோ, கற்பித்தலுக்கு வேறு டிப்ளமோ என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இரண்டாவதுதான் தேவை.

பணத்துக்கு வருவோம். பெரியவர்கள் மாலையிலும் வார இறுதியிலும்தான் வருவார்கள். கடைசி நேரத்தில் ரத்தும் செய்வார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாகக் காசு வாங்கினால் வருமானம் ஆடிக்கொண்டே இருக்கும். மாதக் கட்டணம் முன்பணமாக, ரத்து செய்தால் என்ன என்பது எழுத்தில், முதல் நாளே. இதில் கூச்சப்படவே கூடாது. ஓய்வுபெற்றவர்கள் பகலில் வருவார்கள் என்பதால் அவர்களைத் தனியாகத் தேடுவது லாபம். இணைய வகுப்பும் எடுக்கலாம், ஆனால் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. கட்டைகள் தெரியும்படி மேலிருந்து ஒரு கேமராவும் வேண்டும். முதல் இரண்டு வருடம் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளட்டும், அல்லது வேறு ஒரு பகுதிநேர வருமானம் இருக்கட்டும். பெரியவர்களை மட்டும் நம்பி இப்போதே இருக்கும் வேலையை விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, முதல் மாணவியாக நீங்களே உட்காருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. நீங்கள் எப்படியும் விட்டுப் போகமாட்டீர்கள். முன்பின் தெரியாத, கட்டணம் கொடுக்கும் இரண்டு மூன்று பேரோடு தொடங்கட்டும். ஆறு மாதம் கழித்தும் அவர்கள் வந்துகொண்டிருந்தால் டிப்ளமோவுக்குப் பணம் கட்டுங்கள்.