காசு கேட்காததெல்லாம் ஒன்றா?

கேள்வி: தேக்காவில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். வீட்டில் இலவசமாக இறக்கிய, படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூவைக் கடைக் கணினியிலும் போடலாமா? அதுவும் வீடியோ ஓட்டும் விஎல்சி மாதிரிதானே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை. இர்ஃபான்வியூ ஃப்ரீவேர். காசு கேட்காது, ஆனால் மூலநிரல் (மென்பொருளை எழுதிய வரிகள்) கைக்கு வராது, எங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் உரிமையாளர்தான் சொல்வார்; வீட்டுக்கு இலவசம், கடைக்கு உரிமம் வாங்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானைத் தட்டிவிடுகிறோம்.

விஎல்சி கட்டற்ற மென்பொருள். வீடோ கடையோ, எதற்கும் ஓட்டலாம், நிரலைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம், ஏன், காசுக்கு விற்கக்கூடச் செய்யலாம், நிரலையும் சேர்த்துக் கொடுத்தால் சரி. 1983இல் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததே இந்த உரிமைகளுக்காகத்தான்.

இதெல்லாம் நிரல் எழுதுபவர்களின் கவலை என்று நினைக்காதீர்கள். 2010இல், ஆவணங்கள் தயாரிக்கும் கட்டற்ற மென்பொருளான ஓப்பன்ஆஃபிஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், பிடிக்காதவர்கள் அதே நிரலை எடுத்து லிப்ரேஆஃபிஸாக வளர்த்தார்கள், இன்றும் ஓடுகிறது. இணையத்தில் பேச உதவிய ஸ்கைப்பும் காசில்லாமல் கிடைத்ததுதான், ஆனால் 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மூடியபோது, நிரல் கையில் இல்லாததால் யாரும் எடுத்து நடத்த முடியவில்லை.

உங்களுக்குப் படத்தை வெட்டி, அளவு மாற்றினால் போதும் என்றால், அதுவும் கட்டற்ற மென்பொருளான கிம்ப் போடுங்கள். மெனு முதலில் கொஞ்சம் மிரட்டும், அப்புறம் பழகிவிடும்.