பிசிஆர் பாசிட்டிவ்னா வைரஸ் உயிரோட இருக்கா?

கேள்வி: ஃபுட் டெக்னாலஜி படிக்கிறேன். ஆயிஸ்டரை (கடல் சிப்பி) சூடு பண்ணாம வெறும் அழுத்தத்துலயே வாந்தி பேதி வரவைக்குற நோரோவைரஸை ஒழிக்கலாம்னு கிளாஸ்ல சொன்னாங்க. ஆனா அழுத்தம் குடுத்த பிறகும் வைரஸ் இருக்கான்னு பாக்குற பிசிஆர் டெஸ்ட் பாசிட்டிவா வருதாமே, அப்போ எதை நம்புறது?

பதில்: பிசிஆர் தப்பா காட்டலைம்மா, ஆனா அது பாக்குறது வைரஸோட மரபுப் பொருளான ஆர்என்ஏவை மட்டும்தான், அதுவும் முழுசா இல்ல. நோரோவைரஸ் ஆர்என்ஏ கிட்டத்தட்ட 7,500 எழுத்து நீளம், அதுல நூறு எழுத்து மாதிரி ஒரு சின்ன துண்டு எத்தனை இருக்குன்னு மட்டும் அது எண்ணும். அழுத்தம் குடுக்குற மெஷின்ல என்ன நடக்குதுன்னா, பாக்கெட்ல அடைச்ச ஆயிஸ்டரை தண்ணி நிரப்பின கனமான எஃகு பாத்திரத்துல வச்சு 600 மெகாபாஸ்கல் வரைக்கும் அழுத்துவாங்க, அது நம்மைச் சுத்தி இருக்குற காத்தழுத்தத்தை விட சுமார் 6,000 மடங்கு. அதுல வைரஸோட புரத உறை கோணிப்போகுது, வளைஞ்ச சாவி பூட்டுல நுழையாத மாதிரி அது குடல் செல்லுல ஒட்ட முடியாது. உள்ள ஆர்என்ஏ அப்படியே இருக்கு, அதனால பிசிஆர் நம்பர் பெருசா இறங்காது. புறஊதா ஒளியில இது தலைகீழ், அங்க அடி வாங்குறது ஆர்என்ஏதான், ஆனா அந்த அடி பிசிஆர் பாக்குற துண்டுல விழலைன்னா அதுவும் தெரியாது.

தொத்தும் சக்தி மிச்சம் இருக்கான்னு பாக்க செல்லுல ஏத்தித்தான் ஆகணும். தட்டுல செல்லை ஒரே அடுக்கா வளர்த்து, சாம்பிளைப் பத்து பத்து மடங்கா நீர்க்க வச்சு ஊத்தி, மேல அகரோஸ்ங்கிற ஜெல்லி போட்டு மூடி, ரெண்டு மூணு நாள் கழிச்சு கிரிஸ்டல் வயலட் சாயம் ஊத்தினா தட்டு முழுக்க ஊதாவாகும், வைரஸ் தின்ன இடம் மட்டும் வெள்ளை வெள்ளையா ஓட்டை மாதிரி தெரியும். அதைத்தான் பிளாக் (plaque)னு எண்ணுறோம். பத்துல ஒரு பங்கா குறைஞ்சா ஒரு லாக், அப்படி 10 லட்சம் 100 ஆனா 4 லாக் குறைஞ்சிருக்கு, அதாவது 99.99 சதவீதம். கேக்க பிரமாதமா இருக்கும், ஆனா நோரோவைரஸுக்கு ஆளைப் படுக்க வைக்க ரொம்பக் கொஞ்சம் துகள் போதும், அந்த மிச்ச நூறை லேசா எடுத்துக்காதீங்க.

சிக்கல் என்னன்னா மனுஷ நோரோவைரஸ் சாதாரண லேப் செல்லுல வளராது, அதனால பூனை கலிசிவைரஸ், எலி நோரோவைரஸ்னு சொந்தக்கார வைரஸை வச்சு சோதிக்கிறாங்க. பூனை வைரஸ் 275 மெகாபாஸ்கல்ல அஞ்சே நிமிஷத்துல காலி. அதை நம்பி மனுஷ வைரஸும் அப்படித்தான்னு முடிவு பண்ணிடக்கூடாது. 2011ல வெளியான அமெரிக்க ஆய்வுல தன்னார்வலர்களுக்கு வைரஸ் ஏத்தின ஆயிஸ்டரையே சாப்பிடக் குடுத்தாங்க, 400 மெகாபாஸ்கல் குடுத்ததை சாப்பிட்டவங்கள்ல சிலருக்கு தொத்துச்சு, 6 டிகிரி குளிர்ல 600 மெகாபாஸ்கல் அஞ்சு நிமிஷம் குடுத்ததை சாப்பிட்ட யாருக்கும் தொத்தலை. என்னைக் கேட்டா இந்தத் துறையிலேயே ரொம்ப மதிப்புள்ள தகவல் இதுதான். ஆயிஸ்டருக்கு இந்த மெஷின் முதல்ல வந்தது விப்ரியோ பாக்டீரியாவுக்காகவும் ஓடு சுலபமா திறக்கவும், அதுக்கு 600 எல்லாம் தேவையே இல்ல, அதனால லேபிள்ல ஹை பிரஷர்னு இருந்தா மட்டும் நோரோவைரஸ் போயிடுச்சுன்னு எடுத்துக்க முடியாது.

2016ல ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரியில மேரி எஸ்டெஸ் குழு, மனுஷ குடல் ஸ்டெம் செல்லுல இருந்து வளர்த்த குட்டிக் குடல் மாதிரியில இந்த வைரஸை வளர்த்துக் காட்டினாங்க. பெரிய வழி திறந்துச்சு, ஆனா அதுல வைரஸ் ரொம்பப் பெருகாது, செலவும் அதிகம். உங்க காலேஜ்ல அந்த வசதி இல்லைன்னா பிசிஆருக்கு முன்னாடி ஆர்என்ஏஸ்ங்கிற என்சைம் போட்டுப் பாருங்க, உடைஞ்ச உறையில இருந்து வெளிய வந்த ஆர்என்ஏவை அது தின்னுடும். உடையாம கோணிப்போனது அப்பவும் பாசிட்டிவாதான் வரும், அதனால ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல பிசிஆர் நம்பரையும் பிளாக் நம்பரையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, எந்த வைரஸ்ல சோதிச்சீங்கன்னும் தெளிவா எழுதுங்க.

கேள்வி: ஃப்ரீசர்ல வச்சா வைரஸ் செத்துடும்தானே?

பதில்: சாகாது, குளிர்ல பத்திரமா இருக்கும். 2012ல கிழக்கு ஜெர்மனியில சீனாவுல இருந்து வந்த உறைஞ்ச ஸ்ட்ராபெரியால சுமார் 11,000 பேருக்கு வாந்தி பேதி, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, அது நோரோவைரஸ். உறைஞ்ச பெர்ரி வாங்கினா 1 நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு, ஆறினதும் மில்க்‌ஷேக்ல போடுங்க.