கரிச்சான் ஏன் பருந்தைத் துரத்துகிறது?

கேள்வி: தேரூர் குளத்தருகே எங்கள் விளையில் (தோட்டத்தில்) நிற்கும் மாமரத்தில் கரிச்சான் என்னும் இரட்டைவால் குருவி கூடு கட்டியிருக்கிறது. காகம், செம்பருந்து எது வந்தாலும் துரத்துகிறது. மரத்தடியில் நடந்தால் என் தலையையும் உரசிப் போகிறது. பருந்து திருப்பித் தாக்கிவிடாதா? கூட்டை வேறு மரத்துக்கு மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து மாற்ற வேண்டாம். இடம் மாறிய கூட்டுக்குத் தாய்ப்பறவை திரும்பி வந்து அடைகாக்கும் என்று நம்ப முடியாது.

முட்டையையும் குஞ்சையும் காப்பதற்காகவே அது துரத்துகிறது. காகம் இரண்டையும் திருடித் தின்னும். செம்பருந்தின் முக்கிய உணவு மீனும் நண்டும் என்றாலும், எளிதில் அகப்படும் குஞ்சை அது விட்டுவைப்பதில்லை. பருந்து வெறுமனே கடந்து போகிறதா, இரை தேடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும் என்பதால், அருகில் வரும்போதே விரட்டிவிடுகிறது.

ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள பறவை, தன்னைப்போல் பத்து மடங்கு எடையுள்ளதை எதிர்ப்பது எப்படி என்பதை அடுத்த முறை கூர்ந்து கவனியுங்கள். அது பெரும்பாலும் நேர் எதிரே வராது. பருந்துக்கு மேலே ஏறி, பின்னாலிருந்து பாய்ந்து, முதுகில் கொத்திவிட்டு விலகும். பருந்தின் ஆயுதம் கால் நகங்கள். அவை கீழே இருக்கும் இரையைப் பற்றுவதற்கு அமைந்தவை. மேலிருந்து வருவதைப் பிடிக்க வேண்டுமானால் பருந்து மல்லாந்து புரள வேண்டும். அகன்ற இறக்கைகளோடு அது புரள்வதற்குள், பிளவுபட்ட நீண்ட வாலைத் திருப்பிக் கரிச்சான் தப்பிவிடும். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது மிகக் குறைவு. மறைந்து வந்து திருடும் வாய்ப்புப் போய்விட்டதால் பருந்தும் நகர்ந்துவிடுகிறது.

இந்தக் காவலை நம்பி மாங்குயிலும் புறாவும்கூடக் கரிச்சானுக்கு அருகிலேயே கூடு கட்டுவதுண்டு. உங்கள் மாமரத்தின் மற்றக் கிளைகளையும் அண்ணாந்து பாருங்கள். பார்த்தால் மனம் நிறையும்.

உங்கள் தலையை உரசுவதும் இதே காரணத்தால்தான். குஞ்சுகள் வளர வளரத் தாக்குதல் கூடும். அடைகாக்க ஏறத்தாழ 15 நாள், குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற மேலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை குடை பிடித்துச் செல்லுங்கள், அல்லது சற்று விலகிச் சுற்றிப் போங்கள். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் கையால் எடுத்துக் கூட்டிலோ பக்கத்துக் கிளையிலோ வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டதற்காகத் தாய் அதை ஒதுக்காது.