நத்தையும் பாசி உருண்டையும்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மாரிமோ பாசி உருண்டை, தண்ணி நத்தை ரெண்டு பத்தியும் வந்த கேள்வியெல்லாம் சேர்த்து ஒரே இடத்துல பதில் போடுறேன். தோட்டத்து நத்தை பத்தியும் ஒருத்தர் கேட்டிருக்காங்க, அதையும் கண்டிப்பா படிங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இதுங்களுக்கு வேலை கம்மின்னு சொல்றது உண்மை தான், ஆனா அந்த கொஞ்ச வேலை முழுக்க தண்ணில தான் இருக்கு. தண்ணிய கவனிச்சா போதும், மிச்சத்த அதுங்களே பாத்துக்கும்.

கேள்வி: அக்கா, நாய் பூனை வளர்க்க நேரமும் இல்ல இடமும் இல்ல. மேசை மேல ஒரு கண்ணாடி ஜாடில ஒரு பாசி உருண்டையும் ஒரு நத்தையும் போட்டு வச்சுக்கலாமா? வீடியோல பாத்தா ரொம்ப அழகா இருக்கு.

பதில்: பாசி உருண்டை மட்டும்னா தாராளமா வைங்க தம்பி, அரை லிட்டர் ஜாடியே போதும், ஃபில்டர் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி மாத்தினா சரி. ஆனா அதே ஜாடில நத்தைய போடாதீங்க. நத்தை ஓயாம சாப்பிடும், சாப்பிடற அளவுக்கு கழிவும் போடும், கழிவுல இருந்து அம்மோனியாங்கற நச்சு வரும், சின்ன ஜாடில அந்த நச்சு கலைஞ்சு போக இடமே கிடையாது. வீடியோ எடுக்கற அன்னைக்கு அழகா தான் இருக்கும், அடுத்த மாசம் அந்த நத்தை இருக்குமான்னு யாரும் காட்ட மாட்டாங்க. நத்தை வேணும்னா, மிஸ்டரி நத்தைன்னு கடைல கிடைக்கற ஒரு வகை தண்ணி நத்தை, அது ஒண்ணுக்கு 20 லிட்டர் டேங்க் வைங்க, அதுல ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடட்டும். டேங்க் ரெடி பண்ண அன்னைக்கே நத்தைய விடாதீங்க, கழிவ உடைக்கிற பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அது வரைக்கும் பாசி உருண்டைய மட்டும் உள்ள போட்டு வச்சு ரசிங்க.

கேள்வி: எந்த நத்தை வாங்கறது? கடைல நெரைட்னு ஒரு வகை நத்தை தான் பெஸ்ட், பாசி எல்லாம் தின்னு கண்ணாடிய பளபளன்னு வச்சிரும்னு சொல்றாங்க.

பதில்: பாசி தின்னும் அப்படிங்கறது நிஜம். அதனாலயே புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் நெரைட் சொல்றதில்ல. புது டேங்க்ல பாசியே இருக்காது, நெரைட் நாம போடற காய், மாத்திரை தீனி எதையும் பெரும்பாலும் தொடாது, சுத்தமான கண்ணாடில ஊர்ந்து ஊர்ந்து பட்டினியிலயே போயிடும், நாம என்னடா தண்ணி நல்லா தானே இருக்குன்னு குழம்பிட்டு இருப்போம். டேங்க் சில மாசம் ஓடி கல்லுலயும் கண்ணாடிலயும் பச்ச படிஞ்சதுக்கப்புறம் நெரைட் விடுங்க, அப்ப அது மாதிரி வேலைக்காரன் கிடையாது. முதல் நத்தைக்கு மிஸ்டரி நல்லது. குடுக்கறத சாப்பிடும், பகல்லயே சுத்தும், கொம்ப நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கறத பாத்துட்டே உக்காந்திருக்கலாம். ஆயுசு கம்மி தான், சுமார் ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம். தண்ணி சூடா இருந்தா வேகமா வளந்து வேகமா முடிஞ்சும் போயிடும்.

கேள்வி: வீட்ல ஆர்ஓ தண்ணி இருக்கு, சுத்தமா இருக்குமேன்னு அதையே ஊத்தறேன். இப்ப நத்தை ஓட்டுல வெள்ளை வெள்ளையா குழி விழுது. ஏதாவது நோயா சிஸ்?

பதில்: நோய் இல்லமா, அந்த ஆர்ஓ தண்ணி தான் காரணம். நத்தை ஓடு கால்சியம் கார்பனேட், அதுக்கு வேண்டிய கால்சியத்த சாப்பாட்டுல இருந்தும் எடுக்கும், தண்ணில இருந்தும் நேரா உடம்பு வழியா இழுக்கும். ஆர்ஓல உப்பு எல்லாம் வடிகட்டிடறதால அங்க இழுக்க ஒண்ணுமே இல்ல. போதாததுக்கு அந்த மாதிரி தண்ணில பிஎச், அதாவது அமிலத்தன்மைய காட்டற அளவு, 7க்கு கீழ இறங்கிடும், அமிலம் ஏறின தண்ணி இருக்கற ஓட்டையும் கரைக்கும். நமக்கு குடிக்க சுத்தம், நத்தைக்கு அது வெறும் தண்ணி. கொஞ்சம் கடினமான தண்ணி தான் நத்தைக்கு புடிக்கும், பிஎச் 7.2ல இருந்து 8க்குள்ள இருந்தா நிம்மதி.

குழாய் தண்ணிய குளோரின் போக்கற மருந்து ஊத்தி பயன்படுத்துங்க. ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் போயிடும், ஆனா குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணின்னா எத்தன நாள் வச்சாலும் லேசுல போகாது, அதனால மருந்து ஊத்தறது தான் பத்திரம். மாத்தறப்ப ஒரேயடியா மாத்தாதீங்க, வாரத்துக்கு கால் பங்கு மாத்திட்டே வாங்க. டேங்க்ல ஒரு துண்டு கணவாய் ஓடு, அதாங்க கடல்நுரை, போட்டு வைங்க. முதல்ல மிதக்கும், ஊறி கீழ போயிடும், மெதுவா கரையும், நத்தையே வந்து கொறிக்கும். முட்டை ஓட்ட கழுவி காய வச்சு பொடி பண்ணி போடறதும் நடக்கும், ஆனா கரையறதுக்கு நாளாகும்.

ஏற்கனவே விழுந்த குழி மறையாது, அதுக்காக மனச விட்டுடாதீங்க. ஓடு வளர்றது வாய்ப் பக்க விளிம்புல. அங்க புதுசா வர்ற பட்டை வழுவழுன்னு கெட்டியா வந்தா நீங்க சரியா போயிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டு மூணு நத்தை இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஓட்ட சுரண்டுதான்னும் பாருங்க, கால்சியம் பத்தலன்னா அப்படி செய்யும்.

கேள்வி: என் மிஸ்டரி நத்தை மூணு நாளா அசையல, மேல வேற மிதக்குது. செத்துடுச்சா? தூக்கிப் போட மனசு வரல.

பதில்: அவசரப்படாதீங்க! மிஸ்டரி நத்தைக்கு செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. காத்த உள்ள அடைச்சு வச்சுகிட்டு மிதக்கறது சாதாரண விஷயம். கையில எடுத்து ஓட்டு வாய்ல கதவு மாதிரி இருக்கற மூடிய பாருங்க, இறுக்கி மூடியிருந்தா உயிரோட இருக்கு. மூடி லூசா தொங்குது, லேசா தொட்டா உள்ள இழுக்கல அப்படின்னா மோந்து பாருங்க. செத்த நத்தையோட நாத்தம் மறக்கவே முடியாது, சந்தேகமே வராது. அப்படி இருந்தா உடனே எடுத்துடுங்க, ஒரு பெரிய நத்தை அழுகினா சின்ன டேங்க்ல அம்மோனியா கிடுகிடுன்னு ஏறி மத்ததையும் கொண்டு போயிடும். நாத்தம் இல்லையா, டேங்க் தண்ணியவே ஒரு கிண்ணத்துல கொஞ்சமா எடுத்து அதுல வச்சு, பக்கத்துல வேக வச்ச கீரை ஒரு துண்டு வைங்க. பெரும்பாலும் கொம்பு வெளிய வந்துடும். அப்படியே டேங்க் தண்ணில அம்மோனியா, அது உடைஞ்சு வர்ற நைட்ரைட்ங்கற இன்னொரு நச்சு, ரெண்டும் டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டும் பூஜ்யமா இருக்கணும்.

நெரைட் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது கண்ணாடில இருந்து விழுந்து மல்லாந்து கிடந்தா பல சமயம் தானா திரும்ப முடியாது. பாத்தா திருப்பி விட்டுடுங்க.

கேள்வி: பாசி உருண்டை காலைல கீழ கிடக்கு, மத்தியானம் மேல வந்து மிதக்குது. கெட்டுப்போச்சோ?

பதில்: இல்லவே இல்ல, நல்லா இருக்குன்னு தான் அது காட்டுது. வெளிச்சம் பட்டதும் ஒளிச்சேர்க்கை நடக்கும், வர்ற ஆக்சிஜன் குமிழி அந்த இழைகளுக்குள்ள மாட்டிக்கும், உருண்டை மேல வரும், ராத்திரி இறங்கிடும். இத 2018ல இங்கிலாந்துல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல ஆராய்ஞ்சாங்க. இந்த ஏறி இறங்கறதுல அந்த பாசியோட உள் கடிகாரத்துக்கும் பங்கு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எனக்கு இது படிச்சதுல இருந்து அந்த உருண்டை மேல மரியாதையே கூடிப்போச்சு. புதுசா வாங்கினது நாள் கணக்கா மிதந்துட்டே இருந்தா உள்ள காத்து இருக்கும், தண்ணிக்குள்ளயே வச்சு மெல்ல அமுக்குங்க.

கேள்வி: என்னோடது ஒரு பக்கம் பழுப்பாயிடுச்சு, ஜன்னல் கிட்ட நல்ல வெயில்ல தான் வச்சிருக்கேன், செடிதானே வெயில் வேணுமேன்னு.

பதில்: அந்த வெயில் தான் பிரச்சன. இது பாசி, பூச்செடி இல்ல. ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல இருக்கற அகான் ஏரில இதுங்க பெரிய பெரிய உருண்டையா இருக்கு, ஏரி அடியில, குளிர்ந்த தண்ணில, மங்கின வெளிச்சத்துல. காத்தடிச்சு அலை கிளம்பறப்ப உருண்டுகிட்டே இருக்கும், அதனால எல்லாப் பக்கமும் மாறி மாறி வெளிச்சம் கிடைக்கும், உருண்டையாவே இருக்கும். நம்ம டேங்க்ல அலை இல்ல, அந்த வேலைய நம்ம கை செய்யணும். அவ்வளவு தான் பராமரிப்பு.

உடனே வெயில்ல இருந்து எடுத்துடுங்க, ரூம் வெளிச்சமே தாராளம். ஒரு கிண்ணம் தண்ணில போட்டு ஸ்பாஞ்ச பிழியற மாதிரி மெதுவா ரெண்டு மூணு தடவ பிழிஞ்சு உள்ள இருக்கற அழுக்க எடுங்க, உள்ளங்கைல வச்சு உருட்டி திரும்ப விடுங்க. பழுப்பு பக்கம் மேல இருக்கற மாதிரி கொஞ்ச நாள் வச்சா பச்ச திரும்ப வரும், ஆனா வாரக்கணக்கு ஆகும். வெள்ளையா வெளுத்துப் போனா அதிக வெளிச்சம்னு அர்த்தம். சாம்பல் கலர்ல கொழகொழன்னு நாத்தத்தோட இருந்தா அந்த பகுதிய பிச்சு எடுத்துடுங்க, மிச்சத்த உருட்டி விட்டா வளரும். தண்ணி சூடு 25 டிகிரிக்குள்ள இருந்தா சந்தோஷமா இருக்கும். கோடைல ரொம்ப சூடாச்சுன்னா ஜாடியோட தூக்கி ஃப்ரிட்ஜ்ல சில நாள் வச்சாக்கூட ஒண்ணும் ஆகாது, ஃப்ரீசர் மட்டும் வேண்டாம். நத்தை இருக்கற டேங்க்னா ஃபேன் காத்து தண்ணி மேல படற மாதிரி வைங்க, ரெண்டு மூணு டிகிரி குறையும்.

கேள்வி: எவ்ளோ பெருசாகும் அக்கா? நத்தை அத தின்னுடாதா?

பதில்: வருஷத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர் வளரும். அகான்ல 20, 30 சென்டிமீட்டர் உருண்டை எல்லாம் உண்டு. ஜப்பான் 1921லயே அத இயற்கை நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க, 1952ல சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம்னு உயர்த்தினாங்க, அந்த ஏரில இருந்து எடுக்கவே கூடாது. நத்தை பெரும்பாலும் உருண்டை மேல படிஞ்ச அழுக்கையும் வேற பாசியையும் தான் மேயும், அதனால நல்ல ஜோடி. நல்ல பசில இருக்கற மிஸ்டரி மட்டும் கொஞ்சம் கடிச்சுப் பாக்கும். கோல்ட்ஃபிஷ் கூட மட்டும் போடாதீங்க, பிச்சு எறிஞ்சிடும்.

வாங்கறப்ப ஒண்ணு பாருங்க, தெர்மோகோல் உருண்டை மேல வேற பாசிய சுத்தி நூல் கட்டி விக்கறாங்க. பிழிஞ்சு பாத்தா தெரிஞ்சிடும், நிஜமானது நடு வரைக்கும் இழை தான்.

கேள்வி: ஒரே ஒரு மிஸ்டரி தான் வாங்கினேன், டேங்க் மூடில பிங்க் கலர்ல கொத்தா ஏதோ ஒட்டியிருக்கு! இன்னொரு டேங்க்ல நெரைட், கண்ணாடி பூரா வெள்ளை புள்ளி.

பதில்: ரெண்டும் முட்டை தான். மிஸ்டரில ஆண் பெண் தனித்தனி, ஆனா பெண் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சேர்ந்திருந்தா விந்தணுவ மாசக்கணக்கா சேமிச்சு வச்சுக்கும். தண்ணி மட்டத்துக்கு மேல முட்டை வைக்கும், அதுக்காகவே மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும், மூடியும் கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா வெளிய ஏறிப் போய் தரைல காஞ்சு கிடக்கும். ஒரு கொத்துல நூறுக்கு மேல குஞ்சு வரலாம். வளர்க்க இடம் இல்லன்னா கொத்து கெட்டியானதும் மெதுவா நகர்த்தி எடுத்து ஃப்ரீசர்ல ஒரு நாள் வச்சு அப்புறம் குப்பைல போடுங்க. நெரைட் முட்டை நல்ல தண்ணில குஞ்சா வளராது, முட்டைல இருந்து வர்ற லார்வாவுக்கு (இளம் பருவத்துக்கு) உப்பு கலந்த தண்ணி வேணும், அதனால பயமே வேண்டாம், சுரண்டறது தான் வேலை. செடியோட ஒட்டிட்டு வர்ற குட்டி குட்டி நத்தை பெருகுதுன்னு சொல்றவங்க தீனிய பாதியா குறைங்க, மிச்ச தீனில தான் அது பெருகுது.

கேள்வி: மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய், மருந்து ஊத்தலாமா?

பதில்: பாட்டில்ல செம்பு, காப்பர் சல்ஃபேட், இந்த ரெண்டுல எது எழுதியிருந்தாலும் நத்தை இருக்கற டேங்க்ல ஊத்தக் கூடாது. பெரும்பாலான நத்தைங்க ரத்தத்துலயே செம்பு தான் ஆக்சிஜன சுமக்குது, ஆனா தண்ணில கரைஞ்ச செம்பு கொஞ்சம் கூடினாலும் கொன்னுடும். மீன வேற தொட்டிக்கு மாத்தி வைத்தியம் பாருங்க.

கேள்வி: என் பையன் தோட்டத்துல இருந்து ஒரு பெரிய நத்தை கொண்டு வந்து டப்பால போட்டு வளர்க்கறேன்னு அடம் பிடிக்கறான்.

பதில்: வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க, இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அது ஆப்பிரிக்க ராட்சச நத்தையா இருந்தா பல நாட்டுல பயிர அழிக்கிற ஆக்கிரமிப்பு இனம், சில நாட்டுல வச்சிருக்கவே தடை. அதோட காட்டு நத்தைக்குள்ள எலி நுரையீரல் புழுன்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம், எலி கழிவு வழியா நத்தைக்கு வரும், நத்தையோ அதோட கோழையோ நம்ம வாய்க்குள்ள போனா மூளை உறை வரைக்கும் பாதிக்கும். குழந்த கைய சோப்பு போட்டு நல்லா கழுவ வைங்க, நத்தைய பிடிச்ச இடத்துக்கே கையுறை போட்டு கொண்டு போய் விடுங்க. டேங்க் நத்தைய தொட்டாலும் கை கழுவற பழக்கம் இருக்கட்டும். பையனுக்கு ஆச இருக்குன்னா அத கெடுக்காதீங்க, ஒரு டேங்க் வச்சு குடுங்க.

கேள்வி: வேண்டாம்னு ஆயிட்டா பக்கத்து குளத்துல விட்டுடலாமா?

பதில்: கூடவே கூடாது. நத்தை, முட்டை, பாசி, டேங்க் தண்ணி எதுவும் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. 2021 மார்ச்ல அமெரிக்கால கடைல வித்த பாசி உருண்டைக்குள்ள சீப்ரா மட்டிங்க இருந்துச்சு, ஏரிய பாழாக்கற இனம் அது, நாடு பூரா கடைங்கள்ல இருந்து உருண்டைய திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. வளர்க்க முடியலன்னா வளர்க்கற வேற யாருக்காவது குடுங்க.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போறேன், யாரையாவது வந்து தீனி போட சொல்லணுமா?

பதில்: வேண்டாம், அவங்க பாசத்துல அள்ளிப் போட்டுடுவாங்க, அது தான் ஆபத்து. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கால் பங்கு தண்ணி மாத்துங்க, மூடிய சரியா மூடுங்க, லைட்டுக்கு டைமர் வச்சு 6 மணி நேரம் எரியட்டும். பழைய டேங்க்னா உள்ள இருக்கற பாசியே நத்தைக்கு போதும், புது டேங்க்னா கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரே ஒரு கேரட் துண்டு வேக வச்சு போடுங்க, அடுத்த நாள் மிச்சம் இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. பாசி உருண்டைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்.